கோடீஸ்வரர்களின் போராட்டமா?

"கோடிகளில் புரளும் நடிகர்களுக்கு வேலைநிறுத்தம் எதற்கு?" என்று 2023 ஹாலிவுட் போராட்டத்தைப் பற்றி இன்னமும் கேட்கிறார்கள். போஸ்டரில் இருக்கும் நாலு முகங்களை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. போராடிய நடிகர் சங்கத்தில் மருத்துவக் காப்பீடு பெற 2023-இல் ஆண்டுக்கு 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான உறுப்பினர்களுக்கு அதுகூடத் தேறவில்லை.

அதே ஆண்டு போராடிய எழுத்தாளர்களுக்கோ, மறுஒளிபரப்புக்கு வந்த பங்குத்தொகைதான் வேலையில்லாத மாதங்களில் வீட்டு வாடகையைக் கட்டியது. ஓடிடி வந்தபின் அது சுருங்கியது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் நிறுவனங்கள் காட்டவில்லை. பேராசை என்று யாரைச் சொல்வது?

எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வருமானத்தை விட்டு நின்றார்கள். நடிகரின் உருவத்தை அவர் சம்மதமின்றிக் கணினியில் நகலெடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் ஏறியது அதனால்தான்.