கன் கெடல, கழுவலை

பொங்கல் நெருங்கினா எங்க திருவண்ணாமலைப் பக்கம் டிராக்டர் டிரெய்லர், கேட்டு, கிரில்லு எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிப்பாங்க. அப்புறம் ஸ்பிரே கன் மூலையில கிடக்கும். அடுத்த வருஷம் எடுத்தா பெயிண்ட் வராது. "மட்ட சரக்கு"னு தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குவாங்க. என்னைக் கேட்டா, கன் வேலையில கெடுறதில்ல. வேலை முடிஞ்சு கழுவாம விடுற அந்தப் பத்து நிமிஷத்துலதான் கெடுது.

தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி கோளாறைப் பாருங்க. பெயிண்ட் ஒரு பக்கமா வளைஞ்சு விழுந்தா, முன்னாடி இருக்கிற ஏர் கேப்பை அரைச் சுற்று திருப்பி அட்டையில அடிங்க. வளைவும் சேர்ந்து திரும்பினா அடைப்பு கேப்புல, திரும்பலைன்னா நாசில்ல. விட்டு விட்டுத் துப்பினா நாசில் லூசா இருக்கலாம், இல்ல கப் மூடியோட காத்துத் துளை அடைச்சிருக்கலாம்.

கழட்டும் முன்னாடி காத்தை நிறுத்தி, ட்ரிகரை அழுத்தி மிச்சத்தை வெளியேத்துங்க. எனாமலுக்கு டர்பன்டைன், என்சி பெயிண்டுக்கு தின்னர். கன்னை முழுசா ஊறப்போட்டா வாஷர் கெட்டுடும். துளையில கம்பி விடாதீங்க, தென்னை ஈர்க்கு போதும்.

கழுவின தின்னரை வாய்க்கால்ல ஊத்தாதீங்க. டப்பாவில மூடி வச்சா கசடு அடியில தங்கும். மேல தெளிஞ்சது அடுத்த தடவை கழுவ உதவும். மருந்தடிச்ச ஸ்பிரேயரைக் கிணத்தோரம் கழுவாதேன்னு விவசாயிக்குச் சொல்றீங்களே, அந்தப் புத்தி டவுனுக்கும் வேணும். உங்க சாக்கடையும் எங்க ஏரிக்குத்தான் வருது.