எந்தக் காட்டுக்குள்ள துப்பாக்கி?

போன வாரம் சென்னையிலிருந்து நண்பர் ஒருத்தர் போன்ல கேட்டார்: "லைசென்ஸ் இருந்தா கைத்துப்பாக்கியை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குள்ள போகலாமாங்க?" நான் திருப்பிக் கேட்டேன்: "எந்தக் காட்டுக்குங்க?"

எங்க சேலம், நாமக்கல் பக்கம் மானாவாரி நிலத்துக்கும் காடுன்னுதான் பேரு. "அவர் காட்டுக்குப் போயிருக்கார்" என்றால் கடலைக்குக் களை வெட்டப் போயிருக்கார்னு அர்த்தம். கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் இருக்கறதும் காடுதான். ரெண்டுக்கும் நடுவுல வண்டித்தடம், ஓடை, ஏரிப் புறம்போக்குன்னு ஊர்ப் பொது நிலம் கிடக்கு. இந்த மூணு இடத்துக்கும் சட்டம் மூணு விதமாப் பேசுது.

சொந்தக் காட்டுல பயிர்க்காவலுக்கு, மருந்து கெட்டிச்சுச் சுடற நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்துலயே இடம் இருக்கு. வனவிலங்கு சரணாலயம், தேசியப் பூங்கான்னா கதை வேற. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவுப்படி, வனத்துறையின் எழுத்துபூர்வமான முன் அனுமதி இல்லாம எந்த ஆயுதத்தோடயும் சரணாலயத்துக்குள்ள கால் வைக்கக்கூடாது. பூங்காவுக்கும் அதேதான். லைசென்ஸைக் காட்டினா எடுபடாது. பொது இடத்துல, 2016 ஆயுத விதிகள்படி கைத்துப்பாக்கி உறைக்குள்ள இருக்கணும். பெரிய துப்பாக்கின்னா முழுசா மூடியிருக்கணும். தூக்கிக் காட்டினாலும் குத்தம், சுட்டாலும் குத்தம். கல்யாணம், திருவிழாவுல சந்தோஷத்துக்குச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினா 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 1 லட்சம் வரை அபராதம், இல்லாட்டி ரெண்டுமேன்னு 2019 திருத்தம் சொல்லுது.

நண்பர் விடலை. "அமெரிக்காவுல பார்க்குக்குள்ளயே விடறாங்களே?" நெசந்தான். கிரெடிட் கார்டு பத்தின ஒரு சட்டத்தோட ஒட்ட வெச்சு 2009ல நிறைவேத்துனாங்க. 2010 பிப்ரவரியிலிருந்து, அந்தந்த மாநிலச் சட்டம் இடம் கொடுத்தா, தேசியப் பூங்காவுக்குள்ள குண்டு போட்ட துப்பாக்கியோட போகலாம்.

நமக்கு அது வேண்டாங்க. ஏன்னு சொல்றேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி, மக்காச்சோளம் கதிர் பிடிச்சிருந்த நேரம். ராத்திரி மூணு மணிக்கு மேலதான் கரண்ட் வந்துச்சு. மோட்டாரைப் போட்டுட்டு, டார்ச் இல்லாம மடை மாத்திக்கிட்டிருந்தேன். பக்கத்துக் காட்டு அண்ணன் வண்டித்தடத்துல துப்பாக்கியோட நின்னிருக்கார். சோளம் அசையறதைப் பாத்துட்டுப் பன்னின்னு நினைச்சுக் குறி வெச்சிருக்கார். அந்நேரம் எனக்கு இருமல் வந்துச்சு. அந்த இருமல்தான் இன்னைக்கு இதை எழுத வெச்சிருக்கு. அவர் குடிக்கிறவர் இல்லை, சண்டைக்காரரும் இல்லை. லைசென்ஸும் சுத்தமா இருந்துச்சு. அவர் அதுக்கப்புறம் ரெண்டு நாள் எங்க திண்ணையை விட்டு எந்திரிக்கவே இல்லை.

நல்ல மனுஷன் கையிலயும், இருட்டுல, நாலு பேர் நடக்கற தடத்துல துப்பாக்கி இருந்தா இதுதான் நிலைமை. ஞாயித்துக்கிழமை குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறோம். அங்க பக்கத்துல நிக்கறவர் இடுப்புல என்ன இருக்குன்னு பாத்துக்கிட்டா நிக்க முடியும்?

ஆனா பொது நிலத்துல துப்பாக்கி கூடாதுன்னு சொல்ற அரசுக்கு ஒரு கடமை இருக்கு. பயிர்க்காவலுக்குன்னு ஒரு சட்டம் துப்பாக்கி கொடுக்குது. இன்னொரு சட்டம், எழுத்துபூர்வமான உத்தரவு இல்லாம பன்னியைச் சுட்டா வேட்டைன்னு கேஸ் போடுது. ஆக, அந்தத் துப்பாக்கி வானத்தைப் பாத்துச் சுட்டு வெரட்ட மட்டுந்தான். தேர்தல் வந்தா அதையும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்றாங்க. 2024ல மார்ச் 16 அறிவிப்பு, ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. நன்னடத்தை விதியெல்லாம் பன்னிக்குத் தெரியுமா?

2025 ஜனவரியில தமிழக அரசு ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ள வர்ற பன்னியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடிச்சுக் காட்டுல விடணும். 3க்கு அப்பால வனத்துறையே சுடலாம். விவசாயி கையில துப்பாக்கியைக் கொடுக்காம வனத்துறையே பொறுப்பெடுத்துக்கிட்டது சரிதான். ஆனா மலையடிவாரத்துல அந்த முதல் கிலோமீட்டருக்குள்ள மரவள்ளி போட்டவனுக்குத்தான் சேதம் அதிகம். அவனுக்கு இதுல என்ன இருக்கு? குழி தோண்டினாப்புல கிழங்கைப் பெயர்த்துட்டுப் போயிடுது.

அவனுக்கு அகழியோ வேலியோ அரசு போட்டுத் தரணும். பன்னியோட காலடி காயறதுக்குள்ள ஆள் வந்து சேதத்தை அளக்கணும், நஷ்டஈடு அடுத்த விதைப்புக்குள்ள கைக்கு வரணும். இல்லைன்னா அவன் கம்பியில கரண்ட் குடுப்பான், அவுட்டுக்காய் வைப்பான். அதுல பன்னி மட்டுமா சாகுது? மாடு சாகுது, யானை சாகுது, மடை மாத்தப் போறவனும் சாகறான்.

அதனால நண்பருக்குச் சொன்ன பதில் இதுதான்: மலைக் காட்டுக்கும் வேண்டாம், ஊர்த் தடத்துக்கும் வேண்டாம். எங்க காட்டுக்கும் துப்பாக்கி தேவைப்படாத மாதிரி காவலைச் செஞ்சு கொடுங்க. நாங்களே கொண்டுபோய் ஒப்படைச்சிடறோம்.