ரெண்டு பேராக வந்தவர்

கவுன்டரில் உட்கார்ந்தவனுக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. எனக்கு வாய்த்தது பிறப்பு இறப்புப் பதிவுக் கவுன்டர். புதுச்சேரியின் பழைய பதிவேடுகள் பிரெஞ்சில் இருக்கும். தேதிகூட எண்ணில் இருக்காது, "மில் நெஃப் சான்" என்று எழுத்தில் நீளும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் என்னை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் ஒருவர் வந்து, "ஐயா, நான் ரெண்டு பேரு. ஒருத்தனா ஆக்கிக் குடுங்க" என்றார். அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முருகன் என்ற பேரை பிரெஞ்சுக்காரன் பாணியில் எழுதினால் உகரம் வரும் இடமெல்லாம் ஓ, யூ இரண்டும் சேரும், கடைசியில் ஓர் ஈ வேறு. பிறப்புச் சான்றில் அப்படி. பள்ளிச் சான்றிலோ இங்கிலீஷ்காரன் பாணி. இது வேறு ஆள், அது வேறு ஆள் என்று சென்னையில் சொல்லி, வேலை உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கும் வழியைச் சொல்லி அனுப்பினோம். சில மாதம் கழித்து லட்டோடு வந்தார். "இப்ப ஒருத்தன்தாங்க."

இன்னொரு நாள் ஒரு பேரன், தாத்தாவைக் கையோடு கூட்டி வந்தான். 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததே, அதில் தாத்தா கையெழுத்துப் போட்டாரா என்று பார்க்க வேண்டுமாம். அது எங்களிடம் இல்லை, தூதரகத்தில் கேள் என்றேன். தாத்தா மெதுவாகச் சொன்னார்: "போடல தம்பி. அப்ப அறுப்பு நேரம்." பேரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. ஆனால் கவுன்டருக்கு வருகிறவர் கோணலாகக் கேட்டால் கோளாறு அவரிடம் இல்லை, நாம் கேட்கும் கேள்வியில்தான் என்பது என் கட்சி. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு பாகூர் அம்மாவிடம்.

வேலையில் சேர்ந்த புதிது, 1974. அந்த அம்மாவின் கணவர் இங்கே பெரியாஸ்பத்திரியில் இறந்தவர். மனையை மகன் பேருக்கு மாற்ற இறப்புச் சான்று வேண்டும். "என்ன தேதி?" என்றேன். தெரியாது. "தேதி தெரிஞ்சுக்கிட்டு வாங்க." மறுபடி வந்தார், மறுபடி அதையே சொல்லி அனுப்பினேன். நடவு வேலையை விட்டு இரண்டு நாள் வந்திருக்கிறார், இரண்டு நாள் கூலி போச்சு. மூன்றாம் முறை வந்தபோது பக்கத்து மேசைப் பெரியவர் என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, "ஏம்மா, தெவசம் எப்போ குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மா யோசிக்கவேயில்லை. "மாசி மாசம், தேய்பிறை தசமிங்க."

"எந்த வருஷம்?"

"பெரிய பேரன் பொறந்த வருஷம். இப்ப எட்டாவது படிக்கிறான்."

பெரியவர் இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுப் பழைய பஞ்சாங்கங்களை எடுத்தார். இரண்டு வருஷத்தைப் பார்த்தார், இரண்டு தேதி குறித்தார். இரண்டாவது தேதியில் பேர் இருந்தது. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினான்கு வருஷமாக நாள் தவறாமல் நினைவில் வைத்திருந்தவரை, தேதி தெரியாதவர் என்று நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்போது எல்லாம் கணினியில் வந்துவிட்டது. நல்லதுதான், மறுக்க மாட்டேன். எங்கள் காலத்து வரிசையும் வாசலில் நின்ற புரோக்கர்களும் திரும்பி வர வேண்டாம். ஆனால் அந்தப் படிவத்தில் தேதிக் கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறது. நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது. தேய்பிறை தசமியை அதில் எங்கே எழுதுவது? வாரத்தில் ஒரு நாளாவது, எந்தப் படிவமும் இல்லாமல் வந்து பேசும்படி ஒரு நாற்காலியில் ஓர் ஆளை உட்கார வைக்கட்டும். அந்த ஆளுக்குப் பழைய பஞ்சாங்கம் வேண்டும். பெரியவர் ஓய்வு பெறும்போது அந்தக் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பரணில் இருக்கிறது, கேட்டால் தருகிறேன்.