கிறுக்கினால் என்ன?

போன மாதம் என் மகளை அடித்து விட்டேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்த படக்கதைப் புத்தகத்தில், அச்சடித்த யானைக்குப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் இன்னொரு யானை வரைந்து வைத்திருந்தாள். "காசு போட்டு வாங்கின புஸ்தகத்தை இப்படிப் பாழ் பண்ணிட்டியேடி" என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

திண்ணையில் இருந்த என் அம்மா, "நீ மட்டும் யோக்கியமா? அம்புலிமாமா ராசாவை, வெள்ளையடிச்ச செவுரு பூராம் கரியால கிறுக்கி வச்சவதான" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

உண்மைதான். ஆண்டிபட்டி பழைய பேப்பர் கடையிலிருந்து மாமா அம்புலிமாமா இதழ்களை வாங்கி வருவார். கதையை யார் படித்தது? கையில் வாள், தோளில் பிணத்தோடு நடக்கும் விக்கிரமாதித்தனைத்தான் முதலில் தேடுவேன். நான் வரைந்தால் ராஜா, எங்கள் ஊரில் இலவம் பஞ்சு மூட்டை தூக்குகிறவர் மாதிரி இருப்பார்! வாள் பிடித்த கை மட்டும் வரவே வராது. தம்பியைக் கம்போடு நிற்க வைத்து, விரல் எப்படி மடங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஒரு பொருளை உற்றுப் பார்க்கப் பழகியது அன்றைக்குத்தான். இன்று அக்கம்பக்கத்தாரின் ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை டிசைனை நானே வரைந்து தருகிறேன் என்றால், அந்தக் கரிச் சுவர்தான் காரணம்.

அந்தப் படத்தை வரைந்தவர் 'சங்கர்' என்கிற கே.சி.சிவசங்கரன். 1924-ல் பிறந்தவர். 1952-ல் அம்புலிமாமாவில் சேர்ந்து, ஏறக்குறைய அறுபது வருஷம் வரைந்தார். 2020-ல் தமது 96-வது வயதில் காலமானார். மறு வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பள்ளியில் அவர் திறமையைக் கண்டு, சென்னை ஓவியப் பள்ளியில் சேரத் தூண்டியவர் ஓர் ஓவிய வாத்தியார்தான். 'படம் சோறு போடுமா?' என்று அவர் கேட்டிருந்தால், எங்கள் வீட்டுச் சுவர் சுத்தமாக இருந்திருக்கும்.

இன்று அம்புலிமாமா வருவதில்லை. அதற்குப் பதில் நாம் கலர் அடிக்கும் புத்தகம் வாங்கித் தருகிறோம். யானையை யாரோ வரைந்து விட்டார். கோட்டைத் தாண்டாமல் கலர் அடிப்பது மட்டும் பிள்ளையின் வேலை! செல்போனிலோ படம் ஓடிக் கொண்டே இருக்கிறது. புத்தகத்துப் படம்தான் பிள்ளை பார்த்து முடிக்கும் வரை காத்திருக்கும்.

'புத்தகம் சரஸ்வதியாச்சே, கிறுக்கலாமா?' என்று சில சகோதரிகள் கேட்கலாம். நூலகப் புத்தகம், பாடப் புத்தகம் என்றால் நானும் விட மாட்டேன். அவளுக்கென்று வாங்கியது அவளுடையதுதானே?

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் தொடவே இல்லை. மூன்றாம் நாள், "அந்த யானையை அழிக்கணுமாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இப்போது அந்த யானைக்கு ஒரு குட்டி வந்திருக்கிறது, பின்னால் மேகமலையும்.

- ஒரு வாசகி, வருசநாடு.