வெயில் வெளியே, சூடு உள்ளே

"தம்பி, இது என்ன ஆயிலு, தண்ணி மாதிரி ஓடுது? நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்காது. இருபது-ஐம்பது ஊத்துங்க, இன்ஜின் கம்முனு ஓடும்."

திண்டுக்கல்லில் டர்போ கார் வைத்திருக்கும் எவரும் இந்த அறிவுரையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அம்பாசிடரையும் பத்மினியையும் பிரித்துப் பூட்டிய கைகள் அவர்களுடையவை. அந்த அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இன்று நம் இளைஞர்கள் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஆசைப்பட்டு வாங்கி ஓட்டும் போலோ ஜிடி டிஎஸ்ஐ, பலேனோ ஆர்எஸ், அபார்த் புன்டோ, ஐ20 என் லைன் எல்லாமே சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின் கொண்டவை. பழைய வண்டிகளுக்குச் சரியாக இருந்த அறிவுரை இவற்றுக்குக் கேடாக முடிகிறது. அடிக்கடி காதில் விழும் ஐந்து வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "5டபிள்யூ-30 எல்லாம் பனி நாட்டுக்கு. வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான்."

இன்ஜினுக்கு எது குளிர், எது சூடு என்பதை நம் உடம்பை வைத்து முடிவு செய்வதில்தான் தவறு தொடங்குகிறது. ஓடும் இன்ஜினில் ஆயில் 90 முதல் 110 டிகிரி வரை சூடாகிறது. அக்னி நட்சத்திர மதியத்தில் திண்டுக்கல்லில் 40 டிகிரி அடித்தாலும், ஆயிலின் கணக்கில் அது குளிர்தான். வழக்கமான 5டபிள்யூ-30 ஆயிலின் பாகுநிலை 100 டிகிரியில் சுமார் 11 என்றால், 40 டிகிரியில் 60, 65 என்று நிற்கும். ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டி. அந்த 'இருபது-ஐம்பது', அதாவது 20டபிள்யூ-50 ஆயிலோ, அதே 40 டிகிரியில் 150-ஐத் தாண்டும்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பி, போன மே மாதம் ஒரே அளவுள்ள இரண்டு சிறிய பாட்டில்களில் இரண்டு ஆயிலையும் ஊற்றி, கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு மூடி, இரவு முழுக்கத் திண்ணையில் வைத்தேன். விடியற்காலை இரண்டையும் ஒரே நேரத்தில் கவிழ்த்தேன். 5டபிள்யூ-30 பாட்டிலில் காற்றுக்குமிழி மளமளவென்று மேலே ஏறியது. மற்றதில் அது புரண்டு புரண்டு, தயங்கித் தயங்கி ஏறியது. காலையில் சாவியைத் திருப்பியதும் டர்போவின் பேரிங்கைத் தேடிப் போக வேண்டிய ஆயிலும் இப்படித்தான் தயங்கும். அந்த டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. ஆயில் தாமதமாக வரும் ஒவ்வொரு நொடியும் அதற்குத் தேய்மானம்.

சரி, வண்டி சூடான பிறகு வெயில் தாக்காதா? கூலன்ட்டை ஏறத்தாழ 90 டிகிரியில் நிறுத்தத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் இருக்கின்றன. ஊர் வெயிலின் பெரும்பகுதியைச் சமாளிப்பது அவைதான்.

வாதம் 2: "கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு அதிகம்."

பாதுகாப்பைப் பார்க்க வேண்டிய இடம் வேறு. 150 டிகிரி சூட்டில், கடும் உராய்வில், ஆயில் படலம் எவ்வளவு பிடித்து நிற்கிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. சாதாரணத் தரத்து 5டபிள்யூ-30 ஆயிலுக்கு அதில் 2.9 இருந்தால் போதும். ஐரோப்பிய 'சி3' தரம் பெற்ற 5டபிள்யூ-30 ஆயிலுக்குக் குறைந்தது 3.5 வேண்டும். கேனின் முகப்பில் இரண்டிலும் ஒரே எண்தான். பின்பக்கச் சிறிய எழுத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஃபோக்ஸ்வேகனின் பழைய 502 00 தரமும் 3.5 கேட்கிறது, புதிய 508 00 தரமோ மெலிந்த 0டபிள்யூ-20 ஆயில், அதை ஏற்கும்படி வடிவமைத்த இன்ஜினுக்கு மட்டும். ஒரே கம்பெனி வண்டி என்பதற்காக மாற்றி ஊற்றினால் பழைய இன்ஜின் தேயும்.

இன்னொன்று. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது எரிபொருள் முன்கூட்டியே பற்றி பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. அதை ஆயில் தடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை அமெரிக்க ஏபிஐ தரத்தில் 2018-இல் 'எஸ்என் பிளஸ்' மூலமும், 2020-இல் 'எஸ்பி' மூலமும் சேர்ந்தது. பழைய தர எழுத்து உள்ள கேன் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்த ஆபத்தைத் தடுக்கும் என்ற உறுதி இல்லை.

வாதம் 3: "விலை கூடின சிந்தெட்டிக் எதற்கும் நல்லது."

இன்ஜினுக்குப் பெரும்பாலும் உண்மை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை விரட்டி ஏறி நிறுத்தும்போது, டர்போவுக்குள் தேங்கும் ஆயில் கருகிப் படியாமல் சிந்தெட்டிக் நன்றாகத் தாங்கும். அப்போதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைப்பதே நல்லது.

ஆனால் கியர்பாக்ஸுக்கு வந்தால் கதை மாறும். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன், உலகம் முழுக்கச் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, டிஎஸ்ஜி எனும் ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியிலிருந்த சிந்தெட்டிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று ஓடும் போக்குவரத்தில், அந்த சிந்தெட்டிக் ஆயிலால் மின்கோளாறு வரக்கூடும் என்பதே காரணம். விலை குறைந்த ஆயில்தான் அங்கே சரியான ஆயில். பூட்டு செய்யும் திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சாவியைத் தங்கத்தில் அடித்தாலும் பல் பொருந்தினால்தான் பூட்டு திறக்கும்.

வாதம் 4: "கியர்பாக்ஸுக்கு எந்தத் தொண்ணூறு நம்பர் ஆயிலும் போதும். ஜிஎல்-5 என்றால் ஜிஎல்-4-ஐ விட உசத்தி."

ஐந்து நான்குக்கு மேல் என்பது கணக்கில் சரி; கியர் ஆயிலில் அவை இரண்டு வேறு வேலைகள். ஜிஎல்-5, பின் அச்சு டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி வழுக்கும் இடத்துக்கானது. அதில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து அதிகம். மேனுவல் கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அந்த மருந்து அரிக்கக்கூடும். அந்த வளையங்கள் வேலை செய்வதே உராய்வால்தான்; வழுக்கினால் கியர் பற்களின் வேகம் ஒத்துப்போகாது. காலையில் இரண்டாவது கியர் 'கர்ர்' என்று முரண்டு பிடித்தால், உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வாதம் 5: "கியர் ஆயில் ஆயுசுக்கும் போதும்."

அதே ஃபோக்ஸ்வேகன், கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி இயங்கும் ஆறு கியர் டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்றச் சொல்கிறது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வாராவாரம் ஏறி இறங்கும் வண்டியின் மேனுவல் கியர்பாக்ஸ் ஆயிலை ஒருமுறை வடித்துப் பாருங்கள். டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறச் சேறுபோல் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும். அந்தத் தூளோடுதான் பற்கள் அரைபடுகின்றன.

கெட்டி ஆயிலுக்கு இடமே இல்லையா? உண்டு. இடைவெளி தேய்ந்து அகன்ற பழைய இன்ஜின்களுக்கு அது உதவும். காற்றால் குளிரும் புல்லட்டுக்குக் கம்பெனியே 15டபிள்யூ-50 சொல்கிறது. கோவை செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்றுக்குச் சுற்று விரட்டும்போது ஆயில் சூடு எகிறும்; அங்கே தயாரிப்பாளர் அனுமதித்த வரம்புக்குள் ஒரு படி கெட்டியாகப் போவது நியாயம். கரூர் ரோட்டில் அலுவலகம் போய்வரும் காருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் புத்தகத்தை இன்றே எடுங்கள். ஆயில் பக்கத்தில் முதலில் கம்பெனியின் தர எண், பிறகு ஏபிஐ அல்லது ஐரோப்பியத் தர எழுத்து, அதன் பிறகே கெட்டித்தன்மை எண். விலையும் பிராண்டும் கடைசி. கியர்பாக்ஸுக்குத் தனிப் பக்கம் இருக்கும். இரண்டு பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை "இருபது-ஐம்பது ஊத்துங்க தம்பி" என்று கேட்டால், "அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்களேன்" என்று அந்தப் படத்தை நீட்டுங்கள். நான் நீட்டியபோது என் மெக்கானிக் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு கையிலிருந்த கேனை அலமாரியில் திரும்ப வைத்தார்.