தள்ளுவண்டிக்கும் ஒரு சட்டம்!



மாலை நேரத்தில் உங்கள் ஊர் கடைத்தெருவைக் கவனித்திருக்கிறீர்களா? பூக்கூடையோடு ஒரு பாட்டி, தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கும் அண்ணன், இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா, செருப்பு தைக்கும் தாத்தா... இவர்களுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கதவு, பூட்டு எதுவும் கிடையாது. ஆனாலும் இவர்களும் வியாபாரிகள்தான்.

இந்தச் சின்னஞ்சிறு வியாபாரிகளுக்காக மத்திய அரசு ஒரு கடன் திட்டம் வைத்திருக்கிறது. பெயர், பி.எம். ஸ்வநிதி. 2025 ஆகஸ்டில் இந்தத் திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்து, கடன் தொகையையும் உயர்த்தியிருக்கிறார்கள். தெருவோரக் கடைக்கு அரசு ஏன் கடன் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்? அது மட்டும் போதுமா? வாருங்கள், பார்க்கலாம்.

ஒரு கணக்கு போடுங்கள்!

பூ விற்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ வாங்கினால்தான் அன்றைக்கு வியாபாரம். கையில் முதல் இல்லை. வட்டிக்காரரிடம் 1,000 ரூபாய் கேட்கிறார். அவர் 100 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 900 ரூபாய் தருகிறார். மாலையில் 1,000 ரூபாயைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு வட்டி 100 ரூபாய்! மாதத்தில் 25 நாள் இப்படி வாங்கினால் எவ்வளவு? 2,500 ரூபாய்!

இப்போது வங்கிக்கு வருவோம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15,000 ரூபாய்க்கு ஓர் ஆண்டு வட்டி 1,800 ரூபாய். அதாவது மாதத்துக்கு 150 ரூபாய். அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டக் கட்ட இந்த வட்டியும் குறையும்.

வித்தியாசம் புரிகிறதா? அங்கே 900 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 100 ரூபாய். இங்கே 15,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டியே 150 ரூபாய்தான்!

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடை செய்து தமிழக அரசு 2003லேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனால், அவசரத்துக்கு வேறு வழி இல்லாதபோது சட்டம் மட்டும் பூ வாங்கித் தராதே! வங்கியில் கேட்டால் சொத்து, ஜாமீன், வியாபாரத்துக்கான அத்தாட்சி என்று கேட்பார்கள். கூடையில் பூ விற்பவர் எதைக் காட்டுவார்?

ஊரடங்கு தந்த பாடம்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. தெருவில் ஆட்களே இல்லை. தெருவோர வியாபாரிகள் வைத்திருந்த கொஞ்ச முதலும் வீட்டுச் சாப்பாட்டுக்கே செலவாகிவிட்டது. மறுபடி கடை போடப் பணம் வேண்டுமே! அதற்காகத்தான் 2020 ஜூனில் இந்தத் திட்டம் தொடங்கியது.

முதலில் 10,000 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது முதல் கடன் 15,000 ரூபாய் வரை. ஒழுங்காகக் கட்டி முடித்தால் அடுத்து 25,000 ரூபாய் வரை, அதையும் கட்டினால் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். ஜாமீன் தேவையில்லை. தவணை தவறாமல் கட்டுபவர்களுக்கு வட்டியில் 7 சதவீதத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது.

இதனால் அந்த அக்காவுக்கு மட்டும்தான் லாபமா? இல்லை. வட்டிக்குப் போன பணம் மிச்சமானால் அவர் என்ன செய்வார்? பக்கத்து மளிகைக் கடையில் அரிசி, பருப்பு வாங்குவார். தெருமுனை தையல்காரரிடம் பிள்ளைக்குச் சட்டை தைப்பார். அந்தத் தையல்காரர் இட்லிக் கடையில் சாப்பிடுவார். ஒரே நூறு ரூபாய் நோட்டு ஒரே ஊருக்குள் எத்தனை பேருக்குப் பிழைப்புத் தருகிறது, பாருங்கள்!

வண்டியை எங்கே நிறுத்துவது?

சரி, கடன் கிடைத்துவிட்டது. நாளைக்கே வண்டியை அப்புறப்படுத்திவிட்டால்? வியாபாரமும் போகும், கடனும் தலைமேல் நிற்கும். ஆகவே, பணத்தைப் போலவே இடமும் முக்கியம்.

தெருவில் வியாபாரம் செய்வதும் ஓர் அடிப்படை உரிமை, நியாயமான கட்டுப்பாடுகளும் அதற்கு உண்டு என்று 1989ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014ல் தெருவோர வியாபாரிகளுக்கென்றே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி:

* ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.
* இடம் மாற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும்.
* பொருளைப் பறிமுதல் செய்தாலும், காய், பழம் போல அழுகக்கூடியவற்றைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.
* எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று ஆலோசிக்க ஊர்தோறும் நகர விற்பனைக் குழு வேண்டும். அதில் 100க்கு 40 பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். அந்த 40 பேரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்!

"அப்படியானால் நடைபாதையில் நாங்கள் எப்படி நடப்பது?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். சக்கர நாற்காலியில் வருபவர்கள், முதியவர்கள், பள்ளிக்கு நடந்து போகும் நீங்கள்... எல்லோருக்கும் நடைபாதை வேண்டும். அதனால்தான் இந்தச் சட்டம் ஒரு வரம்பும் வைத்தது. ஓர் ஊரின் மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் பேர் வரை தெருவோர வியாபாரிகளாக இருக்கலாம். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் 2,500 பேர்.

ஆக, சட்டம் எழுதியிருப்பது சரி. குழு ஒழுங்காகக் கூடி, கணக்கெடுத்து, இடம் ஒதுக்கினால்தான் அதற்குப் பலன். உரிய இடம் இருந்தால்தான் வாங்கிய கடனையும் கட்ட முடியும். கடனும் இடமும் வண்டியின் இரண்டு சக்கரங்கள் மாதிரி. ஒன்று இல்லாவிட்டாலும் வண்டி ஓடாது!

உங்களுக்கு ஒரு வேலை: உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்த்தால், "நம்ம ஊரில் நகர விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது?" என்று கேளுங்கள். பதிலை வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். கேள்வி கேட்க வயது தடையில்லை!