தொடங்கவே இல்லையாம்

மலையகத்தில் பண்பாட்டு ஆய்வு இன்னும் தொடங்கவே இல்லையாம். விருது மேடையொன்றில் பேச்சாக வந்து, கைதட்டலும் வாங்கி, இப்போது ஒரு சஞ்சிகையில் கட்டுரையாகவும் அச்சேறிவிட்டது. பல்கலைக்கழகத்தில் அதற்கென்று தனித்துறை, பேராசிரியர், சிறப்புக் கலைமாணிப் பட்டம் எல்லாம் வந்த பிறகுதான் தொடங்குமாம். இதுவரை நடந்தது 'ஆர்வலர்களின் சேகரிப்பு'. அதே கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு புத்திமதியும் உண்டு: தோட்டத்துப் பிள்ளைகள் இதைச் சிறப்புப் பாடமாக எடுத்து ஏமாற வேண்டாம், வேலை கிடைக்காது, தொழில்நுட்பம் படிக்கட்டும். துறை வேண்டுமாம், நம் பிள்ளைகள் அதில் வேண்டாமாம். பிறகு அந்த வகுப்பில் யார்தான் உட்காருவது என்று எழுதியவருக்கும் தோன்றவில்லை, வெளியிட்டவருக்கும் தோன்றவில்லை.

முதலில் அந்த ஆர்வலர் கணக்கைப் பார்த்துவிடுவோம். சி.வி. வேலுப்பிள்ளை ஆசிரியராக இருந்தவர், தொழிற்சங்கக்காரர், 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்குப் போட்ட சனத்தையே நாடற்றதாக்கியது. தோட்டப் பாடல்களைத் தொகுத்தவர் அவர். சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தோடு தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் வரலாற்றைத் தோண்டி எடுத்தார். தொழிலாளர் கூட்டங்களில் பாட்டெழுதிப் பாடிய மீனாட்சியம்மையும் அப்படித்தான் நமக்குத் திரும்பக் கிடைத்தார். தெளிவத்தை ஜோசப் நம்ம பக்கத்து மனிதர். ஊவாக்கட்டவளையில் பிறந்து, வேலை பார்த்த தோட்டத்தின் பெயரையே முன்னால் போட்டுக்கொண்டு, கதையும் எழுதி, மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார்.

இவர்கள் செய்தது வெறும் பொறுக்கி வைத்தல் என்றால், ஆய்வு என்பது எது? அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட கணக்கப்பிள்ளையைப் பாட்டில் வைத்து ஒரு பெண் ஏசுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிவைக்கிற ஆளுக்குப் பேர் என்றால் என்ன, அரைப்பேர் எப்போது விழும், மடுவத்தில் தராசு யார் கையில் இருக்கும், அடுத்த நாள் பிரட்டில் அவளுக்கு எந்த மலை கிடைக்கும் என்பதெல்லாம் தெரியும். தெரிந்தபடியால்தான் நூறு பாட்டில் அந்தப் பாட்டை எடுக்கிறார். அது சேகரிப்பாம். முப்பது வருடம் கழித்து ஒருவர் வந்து அதே பாட்டுக்கு 'எதிர்ப்பின் அழகியல்' என்று தலைப்பு வைத்து, அடிக்குறிப்பில் கிராம்சியையும் பூக்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் அது ஆய்வாம்.

கட்டுரை பேர்மிங்ஹாமை வரிக்கு வரி கும்பிடுகிறது. நாமும் கும்பிட்டவர்கள்தான். ஸ்டுவர்ட் ஹோலின் கட்டுரையொன்றை ரோணியோப் பிரதியாகக் கை மாற்றிக் கை மாற்றி, மை மங்கிப்போன பக்கங்களுக்கு ஊகத்தில் அர்த்தம் சொல்லிக்கொண்ட காலம் நமக்கும் இருந்தது. ஆனால் கும்பிடுகிறவருக்குச் சாமியின் பூர்வீகம் தெரிய வேண்டாமா? றிச்சட் ஹொகார்ட் ஹல் நகரில் முதியோர் வகுப்பு எடுத்தவர். றேமண்ட் வில்லியம்ஸ் ஒக்ஸ்ஃபோர்டின் வெளிவாரி வகுப்புகளில் பதினைந்து வருடம் இருந்தவர். ஈ.பி. தொம்ஸன் யோர்க்ஷயர் பக்கத்தில் அதே வேலை. வேலை முடிந்து வந்து உட்காருகிறவர்களுக்குப் பாடம் சொன்ன மனிதர்கள் இவர்கள். 1957, 1958, 1963 என்று வந்த அவர்களுடைய மூன்று பெரிய புத்தகங்களும் அந்த வருடங்களில் விளைந்தவை. பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வு நிலையம் 1964இல்தான் தொடங்குகிறது. அதாவது நிலையத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டும்போது ஆய்வு மூன்று புத்தகம் தள்ளிப் போயிருந்தது. அந்த நிலையத்தின் வழியில் வந்த துறையையும் 2002இல் அந்தப் பல்கலைக்கழகமே இழுத்து மூடியது. துறை வந்தால்தான் தொடங்கும் என்றால், துறை போனால் முடிந்துவிடுமா? பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டு நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவைக் கட்டினாரே, அதுவும் தொடங்கவில்லைதானா?

பேர்மிங்ஹாம் என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதே அறுபதுகளில், அதே பல்கலைக்கழகத்தில், கைலாசபதியும் அவருக்குப் பின்னால் சிவத்தம்பியும் இருந்தார்கள். அவர்கள் போனது ஹொகார்ட்டிடம் இல்லை. கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம். இந்தத் தொம்சன் வேறு, முன்னே சொன்ன தொம்ஸன் வேறு. குழப்பிக்கொண்டு எழுதியவர்களும் நம்மில் உண்டு. ஜோர்ஜ் தொம்சன் இளைஞராக இருக்கும்போது அயர்லாந்துக் கரையில் பிளாஸ்கட் தீவுக்குப் போய், அங்குள்ள மீனவர்களின் பேச்சைப் படித்தவர். ஏட்டில் படித்த ஹோமர் அவர்களுடைய வாய்ப்பேச்சைக் கேட்ட பிறகே தனக்குப் பிடிபட்டான் என்றவர். தீவுக்கார இளைஞர் ஒருவரைத் தூண்டி, சொந்த மொழியில் சொந்த வாழ்க்கையை எழுத வைத்து, 1933இல் அது புத்தகமாக வரக் காரணமாகவும் இருந்தார். இப்படிப்பட்ட ஆசிரியரிடம் படித்த இருவரில் ஒருவர் சங்கப் பாணர்களோடும் மற்றவர் பழந்தமிழ் நாடகத்தோடும் திரும்பி வந்தார்கள். தேசிய இலக்கியம், மண்வாசனை, மரபுப் போராட்டம் என்று எத்தனை வாய்ச்சண்டை! முற்போக்கும் நற்போக்கும் எரிந்த கட்சி எரியாத கட்சி லாவணி மாதிரி மோதிக்கொண்ட அந்த வருடங்களில், ஒரு வரிக்காகக் கண்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சண்டை போட்டவர்களை நமக்குத் தெரியும். இப்போது அந்தச் சூடு எங்கே? போகட்டும். தொம்சன் தீவில் செய்ததை அந்த இருவரும் நம் லயங்களில் செய்திருக்கலாமே என்ற மனத்தாங்கல் மட்டும் நமக்கு இன்னும் தீரவில்லை.

பல்கலைக்கழக ஆய்வு லயத்துக்கு வந்த கதையொன்றும் உண்டு. தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டமொன்றுக்கு வினாக்கொத்தோடு ஒரு மாணவி வந்தார். இறுதி வருட ஆய்வேடு; தலைப்பு ஒப்பாரி. மொழியும் வழியும் காட்ட அந்தத் தோட்டத்துப் பிள்ளையொன்று கூடப் போனது. கிழவி ஒருத்தியைக் காம்பராவுக்குள் உட்கார வைத்து, தொலைபேசியைப் பதிவில் போட்டு, பாட்டைச் சொல்லுங்கள் என்றார் மாணவி. "காம்பராவுக்குள்ள ஒப்பாரி சொன்னா வீட்டுக்கு ஆகாது புள்ள" என்றுவிட்டு அம்மாயி வெற்றிலையை எடுத்துக்கொண்டார். மாணவி 'பதிலளிக்க மறுத்தார்' என்று குறித்துக்கொண்டார். கூடப் போன பிள்ளைதான், "வாங்க அம்மாயி, பீலிப் பக்கம் போவோம்" என்று கையைப் பிடித்து எழுப்பியது. பீலியடியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே முக்கால் மணித்தியாலம் பாட்டு வந்தது. புருசனுக்குச் சொன்னது, பெரியம்மாவுக்குச் சொன்னது, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன தங்கச்சிக்கு உயிரோடு இருக்கும்போதே சொன்னது. ஒப்பாரியை எங்கே கேட்கலாம், யாரிடம் எப்படிக் கேட்கலாம் என்பதுதானே ஆய்வு முறையியல்? அதை அறிந்திருந்த பிள்ளையின் பெயர் ஆய்வேட்டின் முகவுரையில், நன்றி சொன்ன இடத்தில், தட்டச்சுக்காரருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளை கலைப் பிரிவில் உயர்தரம் எழுதி வெட்டுப்புள்ளியில் தவறியது.

வெட்டுப்புள்ளிக் கதையும் சொல்லத்தான் வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதுளை நகரத்துப் பெரிய பாடசாலையும், மலை உச்சியில் எழுபதுகளில்தான் அரசு பொறுப்பெடுத்த தோட்டப் பாடசாலையும் ஒரே மாவட்டம். 'தோட்டத்துப் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டாம்' என்று எழுதியவர் கவலைப்படத் தேவையே இல்லை. கதவு அவர் சாத்துவதற்கு முன்பே பாதி சாத்தித்தான் கிடக்கிறது.

வேலை கிடைக்காது என்பது இன்னொரு பூச்சாண்டி. கொழும்பில் பதாகை பிடித்து நிற்கிற வேலையற்ற பட்டதாரிகள் எல்லோரும் பண்பாட்டு ஆய்வா படித்தார்கள்? பதுளைக்கு 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் வந்தது. பெறுமதி சேர்த்தல் என்பது அதன் தாரக மந்திரம். தேயிலைக்கும் படிப்பு உண்டு, சுற்றுலாவுக்கும் உண்டு. வேண்டியவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் தேயிலை விளைகிற அசாமில், தேஜ்பூர்ப் பல்கலைக்கழகத்தில், பண்பாட்டு ஆய்வுக்கென்று ஒரு துறை இருக்கிறது. யாரும் அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. அங்கே முடிந்தது பசறை வீதியில் முடியாது என்று யார் சொன்னது?

சுற்றுலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் படமெடுத்துவிட்டு வருகிற வெளிநாட்டுக்காரருக்குத் தெமோதரை நிலையத்தில் ஒரு கதை சொல்லப்படுகிறது. ரயில் இந்த நிலையத்தை விட்டு மலையைச் சுற்றி இறங்கி, இதே நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறதல்லவா, அந்த யோசனை எப்படி வந்தது தெரியுமா? கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டுவதைத் துரை பார்த்தாராம், வழி பிறந்துவிட்டதாம். உண்மையோ பொய்யோ, நல்ல கதை. இதில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இத்தனை பேர் மண் வெட்டி, பாறை உடைத்து, 1924இல் பதுளை வரை ரயிலைக் கொண்டுவந்திருக்க, கதைக்குள் இடம் கிடைத்தது ஏன் கங்காணியின் தலைக்கு மட்டும்? துண்டு எழுதி ஆளைக் கடனில் கட்டிப்போட்டவர், ஆள் பிடித்த காசில் பெரிய கங்காணி ஆனவர், கதையில் மட்டும் அறிவுக்கு உவமையாகிவிடுகிறார். துண்டு முறை சட்டத்தால் ஒழிந்த பிறகும் கதையில் அவர் பேர் விழுந்துகொண்டே இருக்கிறது. இதைக் கேட்கத் தெரிந்த பிள்ளை வழிகாட்டி வேலைக்குப் போனாலும் அந்தப் படிப்பு வீணில்லை. இப்போது அங்கே நடப்பது என்ன? பல தோட்டங்களில் கூடை போய்ச் சாக்கு வந்துவிட்டது. படத்துக்கு மட்டும் கூடை முதுகில் ஏறுகிறது. 2023இல் நாம் இங்கே வந்து இருநூறு ஆண்டு என்று கொண்டாடிய மேடைகளிலும் கூடைதான் அலங்காரம்.

ஒன்றை மட்டும் அந்தக் கட்டுரைக்கு விட்டுக்கொடுக்கிறோம். காமன் கூத்தில் தப்பு அடிப்பவர் யார், வேஷம் கட்ட யாருக்கு உரிமை, மாசியில் காமன் ஊன்றுகிற இடம் எந்த லயத்துக்குப் பக்கம் என்பதிலெல்லாம் சாதி இருக்கிறது. நம் முன்னோர் அதை மெல்லத்தான் தொட்டார்கள். உறவும் ஊரும் சங்கமும் விட்டிருக்காது. ஊருக்கு வெளியே சம்பளம் வாங்குகிற, யாருக்கும் சம்பந்தி ஆக வேண்டாத ஒரு துறை வந்தால் அந்த முடிச்சை அவிழ்க்கலாம். அப்போதும் முதல் வரிசையில் தப்படிக்காரரின் மகள் உட்கார்ந்திருக்க வேண்டும். வினாக்கொத்து அவள் எழுதியதாக இருக்க வேண்டும்.

கட்டுரையாளர் மறுப்பு எழுதினால் ஒரு எழுத்தும் வெட்டாமல் போடுவோம். நாலு பக்கத்துக்கு மேல் மட்டும் வேண்டாம். கடதாசி விலை அவருக்கும் தெரியும். அடுத்த இதழில் பீலியடியில் பதிவான ஒப்பாரிகள், அம்மாயியின் சம்மதத்தோடு வருகின்றன. எழுத்தில் இறக்கிக் குறிப்புகள் எழுதுகிறவர் அந்தக் கூடப் போன பிள்ளை. பெயர் இந்த முறை தலைப்புக்குக் கீழே இருக்கும்.